இரண்டு மணி நேரத்தில் முன்னூறு கெஜம்

பத்தொன்பது வருஷம் பீச்சுக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே மின்சார ரயில் ஓட்டியவன் நான். மோட்டார்மேன் ஜெபராஜ் என்றால் தாம்பரம் பிளாட்பாரத்தில் டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும். என் வண்டி வந்து நிற்பதைப் பார்த்து ஜனங்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள் என்று நானே சொல்லிக்கொள்வேன். வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அப்படிப்பட்ட என்னை 1993 ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை காலையில், இரண்டு மணி நேரத்தில் முன்னூறு கெஜம் நடக்க வைத்தார் ஒரு அம்மாள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் மே மாதம் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

அந்த வருஷம் தண்ணீர்ப் பஞ்சம். வண்டலூர் தாண்டி தாம்பரம் பக்கம் வரும்போது ஒரு வளைவு உண்டு. லைனுக்கு இந்தப் பக்கம் குடிசைகள், அந்தப் பக்கம் காட்டு ஓரமாக ஒரு கைப்பம்பு. விடிந்தால் போதும், பெண்கள் குடமும் கையுமாகத் தண்டவாளத்தைத் தாண்டிக்கொண்டிருப்பார்கள். நான் வளைவுக்கு முன்பே ஹாரன் அடிப்பேன், அவர்கள் ஒதுங்குவார்கள், போகும்போது என் பரம்பரையைப் பற்றி நாலு வார்த்தை சொல்வார்கள். தினமும் நடப்பதுதான்.

மே இரண்டாவது வாரம் ஒரு காலையில், வளைவில் திரும்பினால் நடுத் தண்டவாளத்தில் ஒரு பெண். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஏதோ ஒன்று. ஹாரன் கேட்டு ஒரு அடி முன்னால் வைத்தாள், ஒரு அடி பின்னால் வைத்தாள், அப்படியே நின்றுவிட்டாள். அவசர பிரேக்கைப் போட்டேன். ஆயிரம் பேரை ஏற்றிய வண்டி சொன்ன உடனே நின்றுவிடாது. அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

வண்டி ஓட்டுகிறவன் கண்ணை மூடக் கூடாது. அதற்கு முன்னால் என் வண்டியில் நாலு பேர் விழுந்திருக்கிறார்கள். நாலு முறையும் நான் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன். இந்த முறை மூடினேன். இருட்டுக்குள் ஒரு சத்தம் கேட்டது. பிறகு வண்டி நின்றது.

பின்னால் இருந்து கார்டு சிட்டிபாபு இறங்கி நடந்து போய்ப் பார்த்துவிட்டு, என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான். "ஆள் தப்பிச்சிட்டாங்கண்ணா. எடுங்க" என்றான். திரும்பிப் போய் இரண்டு பெல் அடித்தான். எங்கள் வண்டியில் ஒரு பெல் என்றால் நிறுத்து, இரண்டு பெல் என்றால் கிளம்பு. கிளம்பினேன்.

இங்கே ஒரு விஷயம் வெளியாட்களுக்குத் தெரியாது. ஆள் விழுந்தால், கார்டு மோட்டார்மேனிடம் எப்போதும் 'தப்பிச்சிட்டாங்க' என்றுதான் சொல்வான். எந்த ரூல் புத்தகத்திலும் இது இல்லை. உண்மையைச் சொன்னால் கை ஓடாது, வண்டி நடுவழியில் நிற்கும், அதற்காக. பீச் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, தோளில் கை போட்டு, மெதுவாக உண்மையைச் சொல்வான். சிட்டிபாபுவே இரண்டு முறை எனக்கு அப்படிச் சொல்லியிருக்கிறான். அது அவன் எனக்குச் செய்த உபகாரம்.

அன்றைக்கும் பீச்சில் டீ வாங்கிக் கொடுத்தான். நான் காத்திருந்தேன். "நிஜமாவே தப்பிச்சிட்டாங்கண்ணா" என்று மறுபடியும் சொன்னான். டீயைக் கீழே வைத்துவிட்டேன். பீச்சில்கூட உண்மையைச் சொல்லவில்லை என்றால், சொல்ல முடியாத அளவுக்கு ஏதோ நடந்திருக்கிறது. அவள் இடுப்பில் இருந்தது குழந்தை. அந்த நிமிஷம் என் மண்டையில் ஏறியது அது. ஏறினது இறங்கவில்லை.

மறுநாள் வேலைக்குப் போனேன். பெருங்களத்தூரில் அழுத்திய ஹாரனைக் கிண்டியில்தான் விட்டேனாம். குரோம்பேட்டையில் ஜனங்கள் காதைப் பொத்திக்கொண்டு பிளாட்பாரத்தின் கடைசிக்கு ஓடினார்கள் என்று சிட்டிபாபு பிற்பாடு சொன்னான். மூன்றாம் நாள் என்னை ரயில்வே டாக்டரிடம் அனுப்பிவிட்டார்கள். அவர் ஒரு மாதம் சிக் லீவு கொடுத்தார், அது முடிந்து ஜூனில் மறுபடி போனேன்.

டாக்டர் பிரஷர் பார்த்தார். நூற்று எழுபதுக்கு நூற்றுப் பத்து. பிறகு, "கண்ணை மூடி, ரெண்டு கையையும் முன்னால நீட்டி நில்லுங்க" என்றார். விரல்கள் மேல் ஒரு காகிதத்தை வைத்தார். கண்ணை மூடியதும் அந்தச் சத்தம் வந்தது. காகிதம் சடசடவென்று அடித்துக்கொண்டு கீழே விழுந்தது.

"ஆகஸ்ட் கடைசியில மெடிக்கல் போர்டு. அன்னிக்கும் இந்தக் காகிதம் வைப்பாங்க. விழுந்தா உங்களை வண்டியில ஏத்த மாட்டாங்க ஜெபராஜ். பார்சல் ஆபீஸ்ல ஒரு நாற்காலி போட்டுக் குடுப்பாங்க."

"தூக்கம் வந்தா சரியாயிடும் சார்."

"மாத்திரை நான் தர்றேன். தூக்கத்த நான் தர முடியாது" என்று சொல்லிவிட்டு, ஒரு சீட்டில் 'வனக் குளியல்' என்று போட்டு, பியூலா மேடம் என்ற பெயரையும், சனிக்கிழமை காலை ஆறு மணி என்றும் எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் சாராளிடம் சீட்டைக் காட்டினேன். என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் நேராகத்தான் யோசிப்பாள். "கேஸ்னு ஒண்ணு இருந்தா உங்ககிட்ட ஸ்டேட்மெண்ட் வாங்கியிருக்க மாட்டாங்களா? வாங்கலையே. அப்ப ஒண்ணும் நடக்கல" என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சிக் லீவில் இருப்பதால் விட்டுவைத்திருக்கிறார்கள் என்று நான் ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். "ஒரு நடை வண்டலூர் போய் அங்கேயே கேட்டுட்டு வாங்களேன்" என்பாள். அதை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். போய்க் கேட்டால் தெரிந்துவிடுமே. அந்த பயம்தான்.

சீட்டைப் படித்துவிட்டு, "வனக் குளியலா? துண்டு எடுத்துட்டுப் போகணுமாங்க?" என்றாள். நான் கேலியாகச் சிரித்தேன். பிறகு யாருக்கும் தெரியாமல் ஒரு துண்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

பியூலா மேடத்துக்கு என் வயதுதான் இருக்கும். ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் லெக்சரர். சில வருஷங்களுக்கு முன் ஏதோ பயிற்சிக்காக ஜப்பானில் ஆறு மாதம் இருந்தாராம். அங்கே வேலை அழுத்தத்தில் உடம்பு கெட்டவர்களைக் காட்டுக்குக் கூட்டிப்போய் சும்மா உலவவிடுகிறார்கள், போகும் முன்னும் வந்த பின்னும் நாடி பார்க்கிறார்கள், அது இறங்கியிருக்கிறது என்றார். திரும்பி வந்ததும் வனத்துறையில் அனுமதிக் கடிதம் வாங்கி, வண்டலூர் காட்டின் ஒரு ஓரத்தில் வாரம் ஆறு பேரை அழைத்துப் போகிறார். கட்டணம் கிடையாது, கடைசியில் ஒரு பிளாஸ்க் சுக்குக் காப்பி உண்டு.

வண்டலூர் என்று தெரிந்திருந்தால் நான் போயிருக்கவே மாட்டேன். சீட்டில் இடத்தைப் போடாமல், 'தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் சந்திக்கவும்' என்று எழுதியிருந்தார் டாக்டர். கெட்டிக்காரர்.

காட்டுக்குள் நுழையும்போதே சட்டங்கள் ஆரம்பித்தன. பேசக் கூடாது. வேகமாகப் போகக் கூடாது. வாட்சைக் கழற்றித் தன்னிடம் கொடுத்துவிட வேண்டும். ஒரு மோட்டார்மேனிடம் வாட்சைக் கேட்பது நடுத்தெருவில் வேட்டியைக் கேட்பது மாதிரி. கொடுத்தேன். பிறகு அவர் பையிலிருந்து ஒரு சின்னப் பித்தளை மணியை எடுத்தார். "ஒரு தடவை அடிச்சா நில்லுங்க. ரெண்டு தடவை அடிச்சா நடங்க" என்றார். இந்த அம்மாளுக்கு எங்கள் பெல் கோடு எப்படித் தெரிந்தது என்று திகைத்துப் போனேன். தெரியாது, தற்செயல்தான். ஆனாலும் அந்த மணிக்குக் கீழ்ப்படியாமல் இருக்க என் காலுக்குத் தெரியவில்லை.

பத்தடி நடந்தால் ஒரு மணி. நின்று ஒரு களாப் புதரைப் பார்க்க வேண்டும். இரண்டு மணி. பத்தடி. ஒரு மணி. வேலமரத்தின் பட்டையைத் தொட வேண்டும். தொட்டேன். பட்டை சொரசொரவென்று இருந்தது. இதைத் தெரிந்துகொள்ள அதிகாலை நாலரைக்கு எழுந்தேனா என்று மனசுக்குள் பொருமினேன். மணிக்கு நூற்றைம்பது கெஜ வேகம். இந்த வேகத்தில் பீச் போய்ச் சேர ஏறக்குறைய பத்து நாள் ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

எங்களில் நாகலக்ஷ்மி என்று ஒரு பாங்க் அம்மாள் இருந்தார். தலைவலிக்காரர். அவரால் பேசாமல் இருக்க முடியாது. பக்கத்து மிருகக்காட்சிசாலையில் சிங்கம் ஒரு உறுமல் போட்டதும், "மேடம், அதைக் கட்டித்தானே வெச்சிருக்காங்க?" என்று கேட்டார். நான் அவரைப் பார்த்து, பேசக் கூடாது என்று உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே திருப்தி அது.

கடைசியில் ஒரு நாவல் மரத்தடியில் உட்கார வைத்து, கால் மணி நேரம் கண்ணை மூடச் சொன்னார். எல்லோரும் மூடினார்கள். நான் மூடவில்லை. மேடம் என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"கண்ணை மூடறது என் வேலைக்கு ஆகாது மேடம்" என்றேன்.

என்ன வேலை, ஏன் என்று அவர் கேட்கவில்லை. "சரி, திறந்தே வெச்சிருங்க. காதை மட்டும் குடுங்க. கிட்ட ஒரு சத்தம், தூரத்துல ஒரு சத்தம். அது எதோட சத்தம்னு மட்டும் பாருங்க சார். நல்லதா கெட்டதான்னு பாக்க வேண்டாம்" என்றார்.

அப்போது தூரத்தில் ஒரு மின்சார வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. என் வலது கை தானாக இறுகிக் காற்றை அழுத்தியது. எங்கள் வண்டியில் ஓட்டும் கைப்பிடியை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் பிரேக் விழுந்துவிடும். பத்தொன்பது வருஷமாக அழுத்திய கை. மேடம் அந்தக் கையைப் பார்த்தார். ஒரு காய்ந்த இலையை எடுத்து என் முஷ்டியின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த சனிக்கிழமை வர மாட்டேன் என்று சாராளிடம் சொன்னேன். அன்று மத்தியானம் சாப்பிட்டுச் சாய்ந்தவன் மூன்று மணி நேரம் தூங்கியிருக்கிறேன். மே மாதத்துக்குப் பிறகு அதுதான் முதல் தூக்கம். எழுந்தபோது சாராள் வாசற்கதவைச் சாத்தி, அழைப்பு மணியில் துணி சுற்றி வைத்துவிட்டு, மூச்சுக் காட்டாமல் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். "அடுத்த வாரமும் போங்க" என்றாள். போனேன். தூக்கத்துக்காக மட்டும்தான் போகிறேன் என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போனேன்.

மூன்றாம் வாரம் என் விரல்கள் விரிந்துகொண்டன. எப்போது விரிந்தன என்று தெரியவில்லை. மேடம் வைத்த இலை உள்ளங்கையில் கிடந்தது. நாலாம் வாரத்துக்கு முந்தின ராத்திரி மழை பெய்திருந்தது. காடு முழுக்க ஈர மண்ணும் பச்சிலையுமாக மணத்தது. நான் நெஞ்சு நிறைய இழுத்து விட்டேன், மறுபடி இழுத்தேன். ஒரு செம்போத்து புதருக்குள்ளிருந்து 'உப் உப்' என்று அடித்தொண்டையில் கூப்பிட்டது. அது எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு இருந்ததில், இரண்டு மணி அடித்தும் நகராமல் நின்றுவிட்டேன். எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். என் ஆயுளில் முதல் தாமதம். நாகலக்ஷ்மி என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார், நான் பேசவே இல்லை என்றாலும்.

ஜூலை கடைசியில் டாக்டர் பிரஷர் பார்த்தார். நூற்று நாற்பத்தெட்டு. "என்ன பண்றீங்க அங்க?" என்றார். "ஒண்ணும் பண்றதில்ல சார்" என்றேன். பொய்யில்லை. ஆனால் கண்ணை மூடி கையை நீட்டியதும் காகிதம் விழுந்தது. முன்போல அடித்துக்கொள்ளவில்லை, சற்று யோசித்துவிட்டு விழுந்தது. போர்டில் யோசிக்கிற காகிதத்துக்கெல்லாம் மார்க் கிடையாது.

ஆகஸ்ட் இரண்டாவது சனிக்கிழமை. போர்டுக்குப் பதினாறு நாள் இருந்தது. நாவல் மரத்தடியில் உட்கார்ந்து, என்ன ஆனாலும் ஆகட்டும் என்று கண்ணை மூடினேன். சத்தம் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். காதைக் கொடுக்கச் சொன்னது ஞாபகம் வந்தது. கொடுத்தேன். கிட்டத்தில் தவிட்டுக்குருவிகள் சருகைக் கிளறின. அது ஒன்று. தலைக்கு மேலே காற்று இலையைத் தள்ளியது. அது ஒன்று. நாகலக்ஷ்மியின் மூச்சு. தூரத்தில் செங்கல்பட்டு வண்டி, வளைவில் ஒரு ஹாரன், சக்கரம் தேய்கிற ஓசை. அதுவும் ஒன்று. கை விரிந்தே இருந்தது.

அப்போது 'டொங்' என்று கேட்டது.

மே மாதம் இருட்டுக்குள் கேட்ட சத்தம். அதேதான். மூன்று மாதமாக ராத்திரியும் பகலும் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. ஆனால் இது எனக்குள்ளிருந்து வரவில்லை. வெளியே, வலது பக்கம், கால் மைல் தூரத்திலிருந்து வந்தது. மறுபடியும் 'டொங்' என்றது.

'எதோட சத்தம்னு மட்டும் பாருங்க' என்றாரே மேடம். பார்த்தேன். ஏற்கெனவே நாலு பேர் விழுந்த சத்தம் எனக்குத் தெரியும். அதை இங்கே எழுத மாட்டேன். அது மந்தமான சத்தம். இது அது இல்லை. மே மாதத்துச் சத்தமும் அது இல்லை. இத்தனை நாளாக அந்தச் சத்தத்துக்கு பயந்து ஓடினேனே தவிர, ஒரு தடவையாவது அதை நின்று கேட்கவில்லை.

கண்ணைத் திறந்தேன். "மேடம், அது என்ன சத்தம்?" என்று வாய்விட்டுக் கேட்டேன். எல்லோரும் திரும்பினார்கள்.

"எது?"

"டொங்னு கேட்டுதே."

"ஓ, அதுவா. காட்டோரத்துல ஒரு பம்பு இருக்கு. லைனுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து தண்ணி பிடிக்க வருவாங்க. பித்தளைக் குடத்தைக் கல் மேல வெக்கிற சத்தம்" என்றார்.

எழுந்தேன். எங்கே என்று யாரிடமும் சொல்லவில்லை, மணிக்கும் காத்திருக்கவில்லை. சத்தம் வந்த திசையில் நடந்தேன். எனக்கு முதுகுப் பக்கத்திலிருந்து மேடம் மணியை இரண்டு முறை அடித்தது கேட்டது.

பம்படியில் நாலைந்து பெண்கள் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். "மே மாசம் இங்க லைன்ல ஒரு அம்மா... வண்டி வந்து நின்னுதே..." என்றேன்.

பம்பை அடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தாள். ஐம்பது வயது இருக்கும், கணுக்கால் தெரியத் தூக்கிச் செருகிய சேலை. "ஆரு நீ? போலீசா?"

"இல்லம்மா. டிரைவர்."

அவள் பம்பை விட்டாள். இடுப்பில் கை வைத்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீதானா அது. மூணு மாசமா உன்னியத்தான் தேடிகினு கீறேன். என் கொடத்துக்கு இன்னா பதிலு?"

"எந்தக் குடம்?"

"எந்தக் கொடமா? கேக்குறான் பாருடி. தலையில ஒரு கொடம், இடுப்புல ஒரு கொடம். நீ பாட்டுக்கு ஊதிகினு வர்றே, எனுக்கு காலு ஓடல. தலக்கொடத்தப் புடிச்சிகினு பின்னால வுழுந்தேன். இடுப்புக்கொடம் உருண்டுகினு பூட்ச்சி. எங்கம்மா வூட்டு சீரு. உன் வண்டி ஏறி சப்பையா பூட்ச்சி."

"இடுப்புல இருந்தது குடமா?" என்று கேட்டேன்.

"பின்ன இன்னா, கொயந்தையா? என் புள்ளைக்கு முப்பது வயசு ஆவுது. அத்த இடுப்புல தூக்கிகினு தண்ணிக்கு வருவனா?"

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது அழுகை. பம்படி ஈரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாற்பத்தாறு வயது ஆண்பிள்ளை, அத்தனை பெண்களுக்கு நடுவில் விக்கி விக்கி அழுதேன். வெட்கமே இல்லை. மூன்று மாதமாக என் நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் எழுந்து போனது. அது போவது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அவள் பயந்துவிட்டாள். "ஐயே, இன்னா பேஜாரு இது. அயுவாத சார். கொடம் போனா போவுது" என்று ஒரு சொம்பில் தண்ணீர் பிடித்து நீட்டினாள். அவள் பெயர் அங்காளம்மா. குடித்து முடித்ததும் முகத்தைத் துடைக்கத் துணி தேடினேன். பையில் துண்டு இருந்தது. இரண்டு மாதமாக உபயோகப்படாமல் சுமந்துகொண்டிருந்த துண்டு.

அவள் என்னை லைனைத் தாண்டி அழைத்துப் போனாள். நான் இரண்டு பக்கமும் பார்த்துத்தான் தாண்டினேன். குடிசை வாசலில் ஒரு கோழிக் கூடைக்கு மூடியாக அந்தக் குடம் இருந்தது, தோசை மாதிரி தட்டையாக. நடுவில் சக்கரம் பதிந்த தடம் மட்டும் பளபளவென்று இருந்தது. அதைக் கையில் எடுத்து, பக்கத்தில் கிடந்த அம்மிக் கல்லில் தட்டிப் பார்த்தேன். "இன்னாத்துக்கு தட்டிகினு கீறே?" என்றாள். சும்மா என்றேன்.

திரும்பிப் போனபோது நடை முடிந்து எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். மேடம் என் வாட்சைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் நாடியைப் பிடித்தார். "எழுபத்திரண்டு" என்றார். பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். நாகலக்ஷ்மி நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. சுக்குக் காப்பி எனக்குப் பிடிக்காது. அன்றைக்கு மூன்று டம்ளர் குடித்தேன்.

சாராளிடம் சொன்னபோது, "இதைத்தானே நான் மூணு மாசமா சொன்னேன்" என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய், வெகு நேரம் ஜெப அறையில் இருந்தாள். வெளியே வந்ததும், "வாங்க, குடம் வாங்கப் போகலாம்" என்றாள். தாம்பரம் மார்க்கெட்டில் பதினோரு குடங்களைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்தாள். அடுத்த சனிக்கிழமை நடை முடிந்ததும் அதை அங்காளம்மாவிடம் கொடுத்தேன். அவளும் தட்டிப் பார்த்தாள். "பரவால்ல" என்றாள். இடுப்பில் வைத்து, அழுந்துகிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

சிட்டிபாபுவைத் தேடிப்போய், "நீ சொன்னது நிஜம்தானாப்பா" என்றேன்.

"நான் எப்பண்ணா உங்ககிட்ட பொய் சொன்னேன்?"

"எண்பத்தாறுல ஒண்ணு. தொண்ணூறுல ஒண்ணு."

"அது வேறண்ணா" என்றான். ஆமாம், அது வேறுதான்.

போர்டில் மூன்று டாக்டர்கள். பிரஷர் நூற்று முப்பத்திரண்டுக்கு எண்பத்து நாலு. கண்ணை மூடி கையை நீட்டச் சொன்னார்கள். விரல் மேல் காகிதம் வந்து உட்கார்ந்தது. தலைக்கு மேலே மின்விசிறி. அது ஒன்று. பக்கத்து அறையில் டைப்ரைட்டர். அது ஒன்று. ஜன்னலுக்கு வெளியே ஒரு காக்கை. "போதும், கண்ணைத் திறங்க" என்று அவர்கள் இரண்டாம் முறை சொன்ன பிறகுதான் திறந்தேன். காகிதம் அங்கேயே இருந்தது.

செப்டம்பர் முதல் வாரம், செங்கல்பட்டில் காலை வண்டி. சிட்டிபாபுதான் கார்டு. இரண்டு பெல் வந்தது. பதிலுக்கு இரண்டு பெல் கொடுத்துவிட்டுக் கைப்பிடியை அழுத்தினேன். எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும். வண்டலூர் தாண்டியதும் வளைவுக்கு முன்னால் ஒரே ஒரு ஹாரன் அடித்தேன்.

வளைவில் திரும்பினால், லைனுக்கு அந்தப் பக்கம் அங்காளம்மா. தலையில் பழைய குடம், இடுப்பில் புதுக் குடம், ஒழுங்காக ஒதுங்கி நின்றிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டாள். வாய் அசைந்தது. என்ன சொன்னாள் என்று வண்டிச் சத்தத்தில் கேட்கவில்லை, எப்படியும் என் பரம்பரையைப் பற்றித்தான் இருக்கும். நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போனேன்.